சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் காய்ச்சல், சளி, இருமலோடு இளைப்பும் சேர்ந்து வருகிறது. அரசு மருத்துவமனைகளில் புறநோயாளிகள் வரிசை நீள்கிறது; மருந்துக்கடை வாசல்களிலும் கூட்டம் நிற்கிறது. கடைக்கு வருபவர்களில் பலர் கேட்பது இருமலுக்கு ஒரு சிரப். ஆனால், சளிக்காய்ச்சலோடு வீசிங்கும் வரும்போது உயிருக்கான ஆபத்து மூச்சில்தான் இருக்கிறது. நாமோ இருமலை அடக்கப் பார்க்கிறோம், மூச்சைப் பார்ப்பதில்லை.

இந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025இல் பார்த்தோம். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, இருமல், காய்ச்சலுக்காக சிரப் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் செயலிழந்து, அடுத்தடுத்து 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ‘கோல்ட்ரிஃப்’ என்ற அந்த சிரப் தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்த மாதிரியில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம்.

நச்சு கலந்தது குற்றம். ஆலையின் உரிமம் ரத்தானது, கைது நடந்தது, வழக்கு நடக்கிறது. நடக்க வேண்டியதுதான். ஆனால், நச்சே கலக்காத சுத்தமான சிரப்பாக இருந்திருந்தாலும் சாதாரண சளி, இருமலுக்கு அந்த வயதில் அது தேவையில்லை என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுவரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அப்போதே அறிவுறுத்தியது. அது எத்தனை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது?

மூச்சுக்குழாயில் என்ன நடக்கிறது?

சளிக்காய்ச்சலைக் கொண்டுவருபவை பெரும்பாலும் வைரஸ்கள். ரைனோ வைரஸ், இன்ஃப்ளூயன்ஸா, கைக்குழந்தைகளை அதிகம் தாக்கும் ஆர்.எஸ்.வி., இப்போது கரோனாவும். மூக்கிலும் தொண்டையிலும் தொடங்கும் தொற்று, சிலருக்கு நெஞ்சுக்குள் இறங்குகிறது. அங்கே மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சளி சுரந்து அடைக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது. குறுகிப்போன அந்த வழியே காற்று வெளியேறும்போது, உதட்டைக் குவித்து ஊதினால் வரும் சீழ்க்கைபோல ஓர் ஒலி எழுகிறது. அதுதான் வீசிங்.

குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால், காற்றுக்கு ஏற்படும் தடை சுமார் 16 மடங்கு கூடும். பெரியவர்களுக்குச் சற்றே சிரமம் தரும் வீக்கம், மிகக் குறுகலான மூச்சுக்குழாய் கொண்ட கைக்குழந்தையைத் திணறவைப்பதற்கு இதுதான் காரணம்.

ஒரே ஒலியாக இருந்தாலும் வயதுக்கு வயது காரணம் வேறு. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முதன்முறையாக வருவது பெரும்பாலும் நுண்மூச்சுக்குழாய் அழற்சி. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை கூடி, பிறகு மெல்லத் தணியும். இதற்கு ஆன்டிபயாடிக் பயன்படாது, ஸ்டீராய்டு பயன்படாது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துகூடப் பல குழந்தைகளிடம் பலன் தருவதில்லை. தேவைப்படுவது பால் உள்ளே போவது. நிலைமை முற்றினால் ஆக்சிஜன். கைக்குழந்தை மூக்கால் மட்டுமே வசதியாக மூச்சுவிடும். மூக்கடைத்தால் மார்பில் வாய் வைத்த குழந்தை இரண்டு உறிஞ்சலுக்கு ஒருமுறை விட்டுவிட்டு அழும். பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் இரண்டு நாசியிலும் உப்புநீர்ச் சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பால் கொடுப்பது எந்த சிரப்பைவிடவும் மேலான சிகிச்சை.

ஒன்றிலிருந்து ஐந்து வயதுவரை, ஒவ்வொரு சளிக்கும் வீசிங் வரும் குழந்தைகள் இருக்கிறார்கள். இவர்களில் பலருக்குப் பள்ளி செல்லும் வயதில் அது நின்றுவிடும். குடும்பத்தில் ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை இருந்தாலோ, சளி இல்லாத நாளிலும் ஓடி விளையாடினால் இருமல் வந்தாலோ ஆஸ்துமாவாக இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் புகைபிடிப்பவர்களுக்கும் விறகடுப்புப் புகையில் காலமெல்லாம் சமைத்த பெண்களுக்கும், சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஒரு சளிக்காய்ச்சலில் சட்டென்று முற்றும். வயதானவர்கள் இரவில் படுத்தால் இளைக்கிறது, கால் வீங்குகிறது என்றால் கோளாறு இதயத்தில் இருக்கலாம்.

காய்ச்சலே இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென்று இருமலும் வீசிங்கும் வந்தால், கையில் என்ன வைத்திருந்தது என்று முதலில் பாருங்கள். வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். அது உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நேரம்.

கடையில் தரும் கவர்

மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ‘சளி, இருமல், காய்ச்சல்’ என்று சொன்னால் சிறு காகிதக் கவர் ஒன்று கிடைக்கும். மூன்று வேளைக்கு நறுக்கிய மாத்திரைகள்: ஒரு பாராசிட்டமால், ஓர் ஒவ்வாமை மாத்திரை, ஓர் ஆன்டிபயாடிக், சில இடங்களில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. அந்தச் சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால், இளைப்பு சில மணி நேரத்தில் அடங்கும். ‘அந்தக் கடை மாத்திரை நல்லா கேக்குது’ என்ற பெயர் அப்படித்தான் வருகிறது. சர்க்கரை நோயாளிக்கு அதே மாத்திரையால் சர்க்கரை எகிறுவதும், அடுத்தடுத்துச் சாப்பிடுபவருக்கு எலும்பு தேய்வதும் அந்தக் கடைக்காரர் கண்ணில் படுவதில்லை.

ஸ்டீராய்டே கூடாது என்பதல்ல. ஆஸ்துமா முற்றிய நேரத்தில் மருத்துவர் சில நாட்களுக்குத் தரும் ஸ்டீராய்டு உயிரைக் காக்கும். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று தெரியாமல் கவரில் போட்டுக் கொடுப்பதுதான் தவறு.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. 2023 மார்ச்சில் ஹெச்3என்2 காய்ச்சல் நாடெங்கும் பரவியபோது இந்திய மருத்துவச் சங்கமே தன் உறுப்பினர்களுக்கு எழுதியது: காய்ச்சல் மூன்று நாளில் போய்விடும், இருமல் மூன்று வாரம்வரை இருக்கலாம், ஆன்டிபயாடிக் எழுதாதீர்கள். மருத்துவர்கள் சங்கமே மருத்துவர்களை இப்படிக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

சளியோடு வரும் இருமல் ஒரு வாரத்தில் நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது அது சராசரியாகச் சுமார் 18 நாள் நீடிப்பது தெரிந்தது. பத்தாம் நாளும் இருமுகிற, ஆனால் சாப்பிட்டு விளையாடுகிற குழந்தைக்கு இரண்டாவது மருத்துவர், மூன்றாவது சிரப் என்று அலைவது பெரும்பாலும் வீண். அதே சமயம், இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்காதவர்கள், காசநோய்க்கான சளிப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் இதைத் தவிர்க்க முடியாது. அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசம்.

பெரியவர்களில் சிலர் ‘ஒரு ஊசி போட்டுவிடுங்கள், உடனே சரியாகிவிடும்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். இளைப்புக்குப் பரவலாகப் போடப்படும் தியோஃபிலின் வகை ஊசியில், பலன் தரும் அளவுக்கும் கேடு செய்யும் அளவுக்கும் இடையே தூரம் மிகக் குறைவு. நெஞ்சு படபடப்பு, வாந்தி, சிலருக்கு வலிப்புவரை கொண்டுபோகும். இதைவிடப் பாதுகாப்பான, வேகமான மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

பம்ப் மீது ஏன் இத்தனை பயம்?

கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் அந்த மருந்து, ‘பம்ப்’ என்று நாம் சொல்லும் இன்ஹேலர். ‘பம்ப் வச்சா அதுக்கே பழகிடும்’, ‘பொண்ணு பம்ப் வைக்கிறது வெளிய தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்வாங்க’, ‘பம்ப்தான் கடைசி மருந்து, அதுக்கப்புறம் ஒண்ணும் இல்ல’. இந்த மூன்று பேச்சும் நம் வீடுகளில் சர்வ சாதாரணம். மூன்றும் தவறு.

கணக்கைப் பாருங்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து, இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் வருகிறது. அதே மருந்தின் ஒரு மாத்திரை 4 மில்லிகிராம். அதாவது 40 முறை அழுத்தினால் வரும் மருந்தை ஒரே மாத்திரையில் விழுங்குகிறோம். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கவைத்து, இதயத்தைப் படபடக்கவைத்து, மிச்சம்தான் நுரையீரலுக்கு வருகிறது. பம்பில் போகும் சிறு அளவு, தேவையான இடத்துக்கு நேராகப் போய் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. எது கடுமையான மருந்து என்பதில் நம் கணிப்பு தலைகீழாக இருக்கிறது.

ஆஸ்துமாக்காரர்கள் அறிய வேண்டிய இன்னொன்று உண்டு. பம்பில் இரண்டு வகை. இளைப்பு வந்ததும் தணிப்பது ஒன்று. உள்வீக்கத்தைக் குறைத்து இளைப்பே வராமல் தடுப்பது மற்றொன்று, குறைந்த அளவு ஸ்டீராய்டு கொண்டது. தணிக்கும் பம்பை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுவது ஆபத்து என்று 2019இல் ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தடுக்கும் மருந்து கட்டாயம் என்பது அதன் சாரம். உலக நோய்ச்சுமை பற்றிய மதிப்பீடுகளின்படி உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதத்தினர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ இந்தியாவின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். இந்த இடைவெளிக்கு, தடுக்கும் பம்பைப் பாதியில் நிறுத்துவதும் தொடங்காமலே இருப்பதும் முக்கியமான காரணங்கள்.

பம்பை வாயில் வைத்து அழுத்தினால் மட்டும் போதாது. மருந்தின் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி, பம்பைக் குலுக்கி, ஒருமுறை அழுத்தி, ஐந்தாறு மூச்சு நிதானமாக இழுக்க வேண்டும். அடுத்த முறைக்கு மறுபடி குலுக்க வேண்டும். சிறு குழந்தைக்கு முகமூடி வைத்த ஸ்பேசர். ஸ்டீராய்டு பம்ப் என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். இவ்வளவுதான், ஆனால், இதைச் செய்துகாட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கும் மருத்துவமனைகள் குறைவு.

ஸ்பேசர் வாங்க வசதியில்லை என்பதும் தடையல்ல. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மருத்துவர்கள், 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவுக்குத் துளையிட்டு, ஐந்து வயதைத் தாண்டிய ஆஸ்துமா குழந்தைகளிடம் பயன்படுத்திப் பார்த்தார்கள். கடையில் விற்கும் ஸ்பேசருக்கு நிகராக அது வேலை செய்தது என்று 1999இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. நம் ஊரில் ‘புகை வைக்க’, அதாவது நெபுலைசருக்காக, இரவில் குழந்தையோடு பேருந்து ஏறும் தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். மிதமான இளைப்புக்கு ஸ்பேசரோடு பம்ப் தரும் பலன் நெபுலைசருக்குக் குறைந்ததல்ல.

வீட்டுக்குள் இருக்கும் புகை

மழைக்காலத்தில் ஜன்னல்களை அடைத்துவிடுகிறோம். உள்ளே கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வீசிங் உள்ள குழந்தை அந்த அறையில்தான் இரவு முழுக்கத் தூங்குகிறது. கொசுவலை இதற்கு எளிய மாற்று.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும், மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும் பாசத்தோடு செய்யப்படுபவை. பாட்டிமார்களின் அன்பில் குறை காண எதுவுமில்லை. ஆனால், புகை அந்தப் பிஞ்சு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டி வீங்கவைக்கும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். தலையைத் துணியால் துவட்டி, கதகதப்பாகச் சுற்றிவைத்தால் போதும்.

சுக்கு, துளசி, கற்பூரவள்ளி போட்ட வெதுவெதுப்பான நீர் பெரியவர்களுக்கும் வளர்ந்த குழந்தைகளுக்கும் தொண்டைக்கு இதம். ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்குத் தூங்கப்போகும் முன் அரை ஸ்பூன் தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. கொதிக்கும் பாத்திரத்தின் முன் குழந்தையை உட்காரவைத்து ஆவி பிடிக்கவைக்கவும் வேண்டாம். அதில் வெந்துபோன குழந்தைகளைத் தீக்காயப் பிரிவுகளில் பார்க்கலாம்.

எப்போது ஓட வேண்டும்?

குழந்தை அழாமல் இருக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். செல்போன் கடிகாரம் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணிக்கையை எட்டினாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு இது.

ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது, பால் குடிக்க முடியவில்லை, முனகுகிறது, உதடு நீலம் பாரிக்கிறது, எழுப்பினாலும் சுணங்கிக் கிடக்கிறது என்றால் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். பெரியவர் ஒருவரால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை என்றாலும், கரோனா காலத்தில் வாங்கிவைத்த ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழ் காட்டினாலும் அதேதான். பலமாகக் கேட்டுக்கொண்டிருந்த வீசிங் ஒலி திடீரென்று அடங்கி, ஆள் சோர்ந்துபோனால், அதைக் குணமாவதாக நினைத்துவிட வேண்டாம். காற்றே போகவில்லை என்பதற்கான அறிகுறி அது.

கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் ஃப்ளூ காய்ச்சல் வந்த முதல் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஓசல்டாமிவிர் மாத்திரை அந்த அவகாசத்தில்தான் நன்றாக வேலை செய்யும்.

என்ன செய்யலாம்?

அரசு முதலில் செய்ய வேண்டியது, தணிக்கும் பம்ப், தடுக்கும் பம்ப், ஸ்பேசர் மூன்றையும் ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆண்டு முழுவதும் தட்டுப்பாடின்றி வைப்பது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரையைத் தன்னார்வலர் வீடு தேடிக் கொண்டுவருகிறார். அதே பையில் ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளுக்கான பம்பும் வர வேண்டும். பம்ப் வைக்கும் முறையை வீட்டிலேயே பார்த்துத் திருத்த அந்தத் தன்னார்வலருக்கு ஒரு நாள் பயிற்சி போதும்.

புதன்கிழமை தடுப்பூசி நாளில் குழந்தையோடு வரும் ஒவ்வொரு தாய்க்கும் கிராம சுகாதாரச் செவிலியர் மூச்சு எண்ணக் கற்றுத்தரலாம். 60, 50, 40 என்ற மூன்று எண்களையும் தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். நிமோகாக்கல் நிமோனியாவுக்கான தடுப்பூசி 2021 முதல் இலவசமாகவே போடப்படுகிறது. ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதத் தவணைகளைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் பொறுப்பு.

சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் விற்கக் கூடாது என்ற சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையாவது மருந்து ஆய்வாளர்கள் கடைகளுக்குத் திடீர்ச் சோதனைக்குப் போக வேண்டும். சிரப் தயாரிக்கும் ஆலைகளைப் பொறுத்தவரை, கரைப்பானாக வாங்கும் புரோப்பிலீன் கிளைக்காலின் ஒவ்வொரு பீப்பாயிலும் டைஎதிலீன் கிளைக்கால் கலந்திருக்கிறதா என்று பயன்படுத்தும் முன் சோதிக்கவைத்து, முடிவைத் தொகுதி எண்ணோடு எவரும் பார்க்கும்படி தமிழில் வெளியிடவைப்பது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கடமை.

வீசிங்குக்காகச் சேர்த்து, வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்: தினமும் எந்த பம்ப், எத்தனை முறை, இளைப்பு கூடினால் எந்த பம்ப், எத்தனை முறை, எந்த நிலையில் கிளம்பி வர வேண்டும். அந்தத் தாளின் நகல் பள்ளி ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். பம்பைப் பிடுங்கிப் பூட்டிவைக்காமல், பிள்ளையின் பைக்குள்ளேயே இருக்க விட வேண்டும்.

கடைசியாக, ஃப்ளூ தடுப்பூசி. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. தனியாரில் காசு கொடுத்துத்தான் பலரும் போட்டுக்கொள்கிறார்கள். வட இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர்வரை உச்சம் தொடும். சென்னை, வேலூர் பகுதிகளிலோ அது வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. தடுப்பூசி போட்ட பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரம் ஆகும். எனவே, கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆஸ்துமா, சிஓபிடி நோயாளிகளுக்கும் ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அரசு மருத்துவமனைகளிலேயே இலவசமாகப் போட மாநில அரசு நிதி ஒதுக்க வேண்டும்.